பெல்ட் வண்டியும் டீசல் கணக்கும்

காவிரி டெல்டாவில் நெல் அறுக்க வரும் வண்டிகள் இரண்டு வகை. டயர் வண்டி தார்ச்சாலையில் தானே ஓடி வரும். காய்ந்த வயலில் வேகமாக அறுக்கும். ஈரம் மிஞ்சிய வயலில் புதைந்து நிற்கும். பெல்ட் வண்டி ரப்பர் பட்டையின் மேல் ஊர்வது. எடை பட்டையின் நீளம் முழுக்கப் பரவுவதால் சேற்றிலும் இறங்கும். சம்பாவும் தாளடியும் முற்றி நிற்கும் தை மாதத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் எல்லாரும் தேடுவது பெல்ட் வண்டியைத்தான். அறுவடைக் காலத்தில் மழை பெய்வது இப்போது அபூர்வம் அல்ல. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் அறுப்புக்கு நின்ற பயிர் தண்ணீரில் படுத்தது.

திருவாரூர் அருகே அப்படிச் சாய்ந்த ஒரு தாளடி வயலில் வண்டி ஓடும் விதத்தைப் பார்த்தால் எரிபொருள் கணக்கு விளங்கிவிடும். முன்னால் சுழலும் ரீல் பயிரை அணைத்துக் கொடுக்க, ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலத்துக்கு பிளேடு அறுத்துச் செல்கிறது. கதிர் உள்ளே உருளையில் அடிபட்டு, காற்றும் சல்லடையும் பதரைப் பிரிக்க, நெல் தொட்டியில் சேர்கிறது; வைக்கோல் பின்னால் விழுகிறது. பயிர் நிமிர்ந்து நின்றால் வயலைச் சுற்றிச் சுற்றி வந்து நிற்காமல் அறுக்கலாம். சாய்ந்த பயிரில் அது நடக்காது. பயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்துதான் ரீல் அதைத் தூக்க முடியும். ஓட்டுநர் பிளேடைத் தரையோடு தரையாக இறக்கி ஒரு நீளம் மெதுவாக அறுக்கிறார்; பிறகு பிளேடைத் தூக்கிக்கொண்டு வெறுமனே பின்னால் வருகிறார்; மறுபடியும் அறுக்கிறார். மண்ணை அள்ளிவிட்டால் இறங்கி, பிளேடுக்கு இடையே சிக்கிய சேற்றைக் கையால் எடுக்க வேண்டும். அந்த நேரத்திலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அறுபது, எழுபது குதிரைத்திறன் கொண்ட இத்தகைய வண்டி மணிக்குச் சுமார் ஏழு முதல் பத்து லிட்டர் டீசல் குடிக்கும். நிமிர்ந்த பயிர் ஏக்கருக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டி முடியும். படுத்த பயிர் இரண்டு மணி நேரத்தையும் தாண்டும். ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர்; டீசல் மட்டும் இரண்டு மடங்கு. வயலின் அளவும் இதில் சேர்கிறது. மூன்று மா ஓர் ஏக்கர். அந்த ஏக்கர் ஒரே தாக்காக இருந்தால் திருப்பங்கள் குறைவு. மா மாவாக வரப்பு கட்டிப் பிரிந்து கிடந்தால் மூலைக்கு மூலை திருப்பியே நேரம் போகும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அதுவும் ஒரே இடத்தில் இருப்பது அரிது.

உழவு இயந்திரங்களின் கதை இவ்வளவு சிக்கலானது அல்ல. நாற்பது, நாற்பத்தைந்து குதிரைத்திறன் டிராக்டர் ஒன்பது கொத்துக் கலப்பையோடு புழுதி உழும்போது மணிக்கு நான்கு லிட்டரை ஒட்டிச் செலவாகும். ரோட்டவேட்டர் மாட்டினாலோ, கேஜ் வீல் போட்டுச் சேற்றில் இறக்கினாலோ கூடும். பவர் டில்லருக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஆனால் பின்னாலேயே நடந்து கால் ஓய்ந்துபோகும் என்பதால் இளைஞர்கள் அதைத் தொட விரும்புவதில்லை.

டிராக்டர் பெரும்பாலும் உள்ளூர்ச் சொத்து. ஊரில் நான்கைந்து பேரிடம் இருக்கும். தங்கள் நிலத்தை உழுதபின் மற்றவர்களுக்கு வாடகைக்கு ஓட்டுவார்கள். வருடம் முழுவதும் ஏதோ ஒரு வேலை இருப்பதால் கடன் தவணை கட்டிவிடலாம். அறுவடை வண்டிக்கு அந்த வசதி இல்லை. இருபது லட்சத்துக்கு மேல் விலை. ஓர் ஊரில் வேலை சில வாரங்கள்தான். அதனால் அதன் முதலாளி பெரும்பாலும் வெளியூர்க்காரர். சேலம், நாமக்கல் பக்கங்களிலிருந்து வண்டிகள் டெல்டாவுக்கு வருகின்றன. இங்கே முடிந்ததும் பாலக்காட்டுக்கோ ஆந்திரத்துக்கோ போகும். பெல்ட் வண்டி சாலையில் ஓடக் கூடாது என்பதால் லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும். அந்த லாரியின் டீசலும் கடைசியில் நெல்லின் மேல்தான் விழுகிறது. ஊருக்கும் வண்டிக்கும் நடுவே புரோக்கர் ஒருவர் இருப்பார். எந்தத் தெருவுக்கு முதலில் வண்டி இறங்கும் என்பது அவர் கையில்.

அரசுத் தரப்பில் வேளாண்மைப் பொறியியல் துறை வண்டிகளை வாடகைக்கு விடுகிறது. டயர் வகைக்கு மணிக்கு ரூ.1,160, பெல்ட் வகைக்கு ரூ.1,880 என்று அது நிர்ணயித்த வாடகை, தனியார் கேட்பதைவிடக் குறைவு. ஆனால் எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில் கதிர் முற்றும்போது துறையிடம் உள்ள வண்டிகள் எந்த மூலைக்குக் காணும்? 2014-15இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம், வாடகை மையம் வைப்பவர்களுக்கு மானியம் தருகிறது. அப்படி வந்த மையங்களில் டிராக்டரும் ரோட்டவேட்டரும் உண்டு; பெல்ட் வண்டியை வாங்கத் துணிபவர் குறைவு.

தனியாரானாலும் அரசானாலும் வாடகை மணிக் கணக்கில்தான். சேறு, சாய்வு, சிறிய தாக்கு என்று எது வண்டியைத் தாமதப்படுத்தினாலும் பணம் விவசாயியுடையது. ஏற்கெனவே மழையில் அடிபட்டவரே இரட்டைக் கூலியும் கொடுக்கிறார். அறுத்த நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள் என்ற கவலை தனி. வாடகையை ஏக்கர் கணக்குக்கு மாற்றினால் முதலாளி சேற்று வயலுக்கே வர மாட்டார் என்று ஓட்டுநர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் மட்டும் கணக்கு வேறு. டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டும் அதற்குக் கூலி கட்டுக்கு இவ்வளவு என்பதே வழக்கம். வைக்கோல் காயவில்லை என்றால் கட்டு விழாது, கூலியும் கிடைக்காது. ஆகவே அந்த டிராக்டர்காரர் வெயில் ஏறும்வரை வண்டியை அணைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்.