ரோட்டோரத்து வளைவு

சாயங்காலம் ஐந்தரை. ஏற்காட்டிலிருந்து இறங்கிவந்த மூன்று பைக்குகள் சேலம் சாலையோரம் நிற்கின்றன. எதிரே ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ வளைவு. ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைக் கோதிக்கொண்டு பையன்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். வளைவின் எழுத்து படத்தில் முழுசாக விழவில்லை. ஒருவன் பின்னாலேயே நகர்ந்து தார் ரோட்டுக்கு வந்துவிட, பஸ்காரர் ஹாரனை அழுத்துகிறார்.

“இங்க யாருடா நடிச்சது?”

“எம்ஜிஆர்.”

“வேற?”

வண்டிகள் கிளம்பிவிட்டன.

வேறு நிறையப் பேர். திருச்செங்கோட்டில் பிறந்து, லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி.ஆர். சுந்தரம் எழுப்பிய ஸ்டுடியோ இது. 1937இல் ‘சதி அகல்யா’. மறு வருடமே மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’. 1950இல் மு. கருணாநிதி வசனத்தில் ‘மந்திரி குமாரி’. 1956இல் தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும்கூட மாதச் சம்பளம். நூறு படங்களுக்கு மேல் வெளிவந்தன. 1963இல் சுந்தரம் காலமானார். 1980களில் படமெடுப்பது நின்றது. தளங்களை இடித்து வீடு கட்டிவிட்டார்கள்.

தட்டுவடை செட் வண்டிக்காரர் இரண்டு தட்டுவடைக்கு நடுவே காரச் சட்னியைத் தடவி, துருவிய பீட்ரூட்டையும் கேரட்டையும் அமுக்கி வைக்கிறார். வண்டியருகே ஒரு பெரியவர், கையில் பேரன்.

“இங்கதான்டா கோட்டை, அரமனை எல்லாம் நின்னுச்சு.”

“எங்க தாத்தா?”

“படம் முடிஞ்சதும் பிரிச்சிருவாங்க. அப்புறம் ஸ்டுடியோவையே பிரிச்சிட்டாங்க.”

“இத மட்டும் ஏன் உட்டாங்க?”

பெரியவர் வளைவை அண்ணாந்து பார்த்தார். “ரோட்டோரமா இருக்குதில்ல…”

பேரன் செட்டைக் கடித்தான். சட்னி சட்டையில் ஒழுகியது. பேச்சு அங்கே போய்விட்டது.

பெரியவர் சொன்னது பாதிதான். ரோட்டோரமாக இருந்ததால்தான் ஊர்க் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது, பிழைத்தது. ரோட்டோரமாக இருந்ததால்தான் 2023 கடைசியில் வில்லங்கமும் வந்தது. வளைவு நிற்கும் இடம் தங்களுடையது என்று நெடுஞ்சாலைத் துறை எல்லைக் கல் நட்டது. உரிமையாளர் தரப்பு மறுத்தது. ஊரே இரண்டுபட்டுப் பேசியது.

பிழைப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பஸ் பயணத்தில் நாமக்கல். அங்கே கவிஞர் ராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த வீடு நினைவில்லமாகி, நூலகமாகவும் இருக்கிறது. அங்கே யாரும் வாசலில் நின்று படம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. செருப்பை விட்டு உள்ளே போய்ப் பேப்பர் படிக்கலாம், புத்தகம் புரட்டலாம். கவிஞரை நினைத்துத்தான் வர வேண்டும் என்றுகூட இல்லை. ஆள் புழங்குகிற வீடு அவ்வளவு சுலபத்தில் விழாது. இங்கே புழங்க இடமில்லை. முன்னால் வந்து நிற்கத்தான் முடியும்.

வெளியூர் கார் ஒன்று ஓரங்கட்டுகிறது. ஒரு பெண் இறங்கி வண்டிக்காரரிடம் கேட்கிறார்:

“ஏனுங்க, உள்ள போய்ப் பாக்கலாங்களா?”

“உள்ள ஒண்ணுமில்லீங்க, பூரா வீடுங்க. இங்கயே நின்னு எடுத்துக்குங்க. எத்தன செட் போடட்டும்?”