கசிவது எங்கே?



1963-இல் அமெரிக்காவில் ஜான் டீர் நிறுவனம் தன் முதல் தோட்ட டிராக்டரான 110-ஐ வெளியிட்டது. அக்காலத்து வண்டிகள் சில இன்றும் அங்கே புல் வெட்டுகின்றன. அவற்றில் பெட்ரோல் கசியும்போது, "பழசாகிவிட்டது, புதிது வாங்கிவிடலாம்" என்னும் எண்ணமே முதலில் எழும்.

சற்றுப் பொறுங்கள், கசிவது எங்கே என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் காரணம் சிறியதே: வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், காய்ந்துபோன கேஸ்கெட். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகவே அதைத் தாங்கும் குழாயையே பொருத்துங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு இன்னும் கொடியது. டாங்க் உயரத்தில் இருக்கும் வண்டியில் கார்புரேட்டரின் ஊசி சரியாக மூடாவிட்டால், பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும், உட்பாகங்கள் தேய்ந்துவிடும். ஆயில் மட்டம் உயர்ந்து பெட்ரோல் வாடை வீசினால், எஞ்சினை இயக்காதீர்கள். ஊசியைச் சரிசெய்து ஆயிலையும் மாற்றுங்கள்.

ஆனால் துரு அரித்த டாங்கைப் பூசி மறைப்பது சிக்கனமன்று. சூடான புகைக்குழாயின்மேல் சொட்டும் பெட்ரோல் தீப்பற்றக்கூடும். அந்த டாங்கைக் களைந்துவிடுங்கள்; வண்டியைக் களையாதீர்கள். எதைச் செப்பனிடுவது, எதை மாற்றுவது என்று பகுத்தறிவதே உண்மையான உக்கிராணத்துவம்.