பல்லுக்கும் உண்டு வேர்!



"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பல்லைப் பத்தி என்னடா தெரியும்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஒர்க்‌ஷாப்பில் நாம் பிடிக்கும் ஃபைல் இருக்கிறதே, அதே பெயரில் பல் டாக்டரிடமும் ஒன்று உண்டு. 15-ஆம் நம்பர் ஃபைலின் நுனி விட்டம் 0.15 மி.மீ.தான். அங்கிருந்து ஒவ்வொரு மி.மீ. நீளத்துக்கும் 0.02 மி.மீ. பருக்கும். நம் வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட் அளவு! இதை வைத்துச் செய்வதுதான் 'ரூட் கேனால்' என்னும் வேர் சிகிச்சை.

பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த கூழ் உண்டு. அது மெல்லிய குழாய்கள் வழியே வேர் நுனிவரை இறங்குகிறது. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு குழாய். கடைவாய்ப் பல்லுக்கு மூன்று, நான்கு. சொத்தை கூழைத் தொட்டால் ராத்தூக்கம் போச்சு. டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, கெட்ட கூழை எடுத்து, குழாய்களை ஃபைலால் சுத்தம் செய்து, மருந்து நீரால் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் அடைக்கிறார். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் கவனிக்க: 1851-ல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இன்சுலேஷனும் இதேதான்!

எங்க மஞ்சூர் பக்கம் பல்வலின்னா முதலில் கிராம்பு, அப்புறம் மெடிக்கல் ஷாப் மாத்திரை. 'மேல் பல்லில் கை வெச்சா கண்ணு போயிடும்' என்ற பயம் வேறு. பார்வைக்கு 2-ஆவது மூளை நரம்பு. பல்வலியைக் கொண்டுபோவது 5-ஆவது. இரண்டும் வேறு வேறு லைன். கண் போகாது.

அதைவிட மோசமான நம்பிக்கை, 'வலி நின்னா நோய் போச்சு' என்பது. என் அம்மா கொழுந்து பறிக்கிறவர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி ஒரு கிளினிக்குக்குப் போனார். முதல் சிட்டிங்கிலேயே வலி நின்றது. தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். "சரியாப் போச்சே, எதுக்கு இன்னொரு நாள் கூலியை விடணும்?" என்று இருந்துவிட்டார். மாதங்கள் கழித்து அடைப்பு பெயர்ந்து, பல் பிளந்து, கடைசியில் பிடுங்கவேண்டியதாயிற்று. பொங்கல் லீவில் போனபோது, ரேஷன் கார்டு வைக்கும் கவரில் அந்தச் சீட்டைப் பார்த்தேன். பத்து நாளில் மறுபடி வரச்சொல்லி இங்கிலீஷில் எழுதியிருந்தது. வீட்டில் அதைப் படிக்க ஆள் இல்லை. இன்று அம்மா ஒரு பக்கமாகத்தான் மெல்கிறார்.

வலி நின்றது நோய் போனதால் அல்ல, வலியைச் சொல்லும் நரம்பை எடுத்ததால். வார்னிங் லைட்டைக் கழற்றிவிட்டால் எஞ்சினில் ஆயில் நிறைந்துவிடுமா? ஆகவே, மறக்காதீர்கள்:

1. எத்தனை சிட்டிங், கேப்போடு சேர்த்து எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேளுங்கள். அரசு மருத்துவமனைப் பல் பிரிவிலும் விசாரியுங்கள்.

2. மாத்திரை மட்டும் சொத்தையைக் குணமாக்காது.

3. சிகிச்சைக்குப் பின் சில நாள் கடித்தால் வலிக்கலாம். வலி கூடிக்கொண்டே போனால் திரும்பப் போங்கள்.

4. கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் கேப் தேவை. இல்லாவிட்டால் உடையும்.

5. கன்னமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டம் என்றால் உடனே ஆஸ்பத்திரி!

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் படிப்பாளி. டிப்ளமோ கைக்கு வர நாளாகலாம். ஆனால் இந்த லீவிலேயே வீட்டிலுள்ள மருந்துச் சீட்டுகளை எடுத்து, உரக்கப் படித்து, தமிழில் சொல்லிவிட்டு வரலாமே!

- இரண்டாம் ஆண்டு எந்திரவியல் மாணவன், மஞ்சூர்