பீடிங்குக்கு அடியில் இருந்த நிறம்

அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்பதில் எங்கள் வீட்டில் இருபது வருஷமாக வழக்கு. அம்மா நீலம் என்பாள். பெரியப்பா பச்சை என்பார். அதுவும் ‘கிளிப்பச்சை இல்லடா, பாசிப்பச்சை’ என்று திருத்தமாக. எனக்கு நினைவு தெரிந்து அது சந்தன நிறம். அக்கா கல்யாணத்துக்காக 1987-ல் அடித்தது. அதன் மேல் பிற்பாடு ஒரு மெரூன். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால் தீர்ந்ததே என்பீர்கள். பழைய புத்தகம் தொலைந்து நகல் வாங்கியபோது அதில் ‘கிரீம்’ என்று ஏறிவிட்டது. ஆல்பத்தில் இருப்பதெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள்.

வண்டி என் கைக்கு வந்தபோது அந்த மெரூனும் வெயிலில் வெளுத்து மாவு பூத்திருந்தது. தடவினால் விரல் சிவந்தது. ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் ஷெட் வைத்திருக்கும் எழுபது வயதுப் பெயின்டர் ஒருவரிடம் கொண்டுபோனேன். எல்லாருக்கும் அவர் பாய்தான். கண்ணாடி மாதிரி முகம் தெரிய வேண்டும் என்றேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னார்: “அடிக்க ரெண்டு நாள் போதும் தம்பி. தேய்க்கத்தான் ரெண்டு மாசம்.”

ஹெரால்டு மெட்ராஸ் வண்டி. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக 1959-ல் வெளிவந்தது. வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் நம் ஊரிலும் செய்தார்கள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் உண்டு. இங்கிலாந்துக்காரர்கள் பார்த்தால் இன்றைக்கும் வியந்து நிற்பார்கள். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்துகொள்ளும். டயர் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜின் வேலை பார்க்கலாம். அந்த நாளில் மற்ற கம்பெனிகள் ஒரே கூடாக பாடி செய்யத் தொடங்கியிருந்தன. டிரையம்ப்காரர்களுக்கு அப்படிச் செய்து தர ஆள் கிடைக்காததால் தனிச் சட்டத்தின் மேல் துண்டு துண்டாக பாடியை போல்ட் போட்டு மாட்டினார்கள். அவர்களுடைய அந்தத் திண்டாட்டம் பாய்க்கு வசதியாகப் போனது. மூன்றாம் நாள் போனபோது எங்கள் வண்டி ஷெட் முழுக்கத் துண்டுகளாகச் சாய்ந்து கிடந்தது. வயிற்றைக் கலக்கியது.

முதல் வேலை காந்தம். நூலில் கட்டிய ஒரு சின்னக் காந்தத்தைத் தகடு நெடுக ஓட்டினார். முன் இடது கதவின் கீழே அது ஒட்டவே இல்லை. சுரண்டினால் சப்பாத்தி கனத்துக்குப் பட்டி, அதற்குள் துருத் துளை. மெரூன் அடித்த புண்ணியவான் எவரோ தகட்டை வெட்டி ஒட்டச் சோம்பல்பட்டுப் பட்டியை அப்பிவிட்டிருக்கிறார். டிங்கரிங் ஆள் வந்து புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்.

பிறகு தேய்ப்பு. உப்புத்தாளில் 120-ல் தொடங்கி 220, 320, 400 என்று ஏறினார்கள். கதவின் மேல்முனையில் இருந்த பீடிங் ரப்பரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைச் சரிவாகத் தேய்த்தபோதுதான் வழக்குக்குத் தீர்ப்பு வந்தது. வெட்டிய மரத்தில் தெரிகிற மாதிரி வளையங்கள். வெளியே மெரூன், உள்ளே சந்தனம், அதற்குள் சாம்பல் பிரைமர், அதற்கும் உள்ளே விரல்கடை அகலத்தில் ஒரு நிறம். ஷெட்டின் டியூப்லைட்டில் அது பச்சையாகத் தெரிந்தது. கதவைத் தூக்கிக்கொண்டு வெளியே வெயிலுக்கு வந்தோம். நீலம். இருவருமே பொய் சொல்லவில்லை. அம்மா வண்டியைப் பார்த்ததெல்லாம் பகலில் கோயிலுக்குப் போகும்போது. பெரியப்பா பார்த்தது ராத்திரி, அவர் கடை வாசல் விளக்கில்.

பாய் அந்த நிறத்தைக் கண்ணாலேயே பிடித்தார். காலை எட்டு மணி வெயிலில் டப்பா மூடியில் கலந்து, கதவின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தடவி, காயவிட்டுப் பார்ப்பார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு. நான்கு காலைகள் போயின.

எதை அடிப்பது என்பதில் எங்களுக்குள் சண்டை. இப்போது எல்லா ஷெட்டிலும் ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயின்ட்தான். அதன் மேல் கிளியர் கோட். பல வருஷம் மினுங்கும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பாய் டுக்கோ என்றார். டுக்கோ என்பது டூபான்ட் கம்பெனி 1920-களில் கார்களுக்குக் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டின் பெயர். பஞ்சையும் நைட்ரிக் அமிலத்தையும் வைத்துச் செய்வது. வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதற்கு முன்பு நல்ல கார்களுக்கு வார்னிஷ் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். நம் பெயின்டர்கள் அந்தப் பெயின்டின் பெயரையே தொழிலின் பெயராக்கிக்கொண்டார்கள். ஹார்டனர் பெயின்ட் ரசாயனமாக இறுகிவிடும், திரும்பக் கரையாது. டுக்கோ தின்னர் ஆவியாகிக் காய்கிறது, அவ்வளவுதான். முப்பது வருஷம் கழித்துத் தின்னர் பட்டாலும் இளகும். “நாளைக்கு ஒரு கீறல் விழுந்தா அந்த எடத்த மட்டும் சரி பண்ணலாம். அதுல பண்ண முடியாது” என்றார். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது என்பதையும், முகத்தில் துணி கட்டிக்கொண்டு அதை அடித்துத் தன் தம்பிக்கு இளைப்பு வந்ததையும் அப்புறம் ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார். முதலில் இதைச் சொல்லியிருந்தால் சண்டையே போட்டிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. பழைய வண்டி மேல் கிளியர் கோட் போட்டுச் சர்க்கரைப் பாகு ஊற்றின மாதிரி நிறுத்துகிறார்களே, அது எனக்கு இப்போது பிடிப்பதில்லை. பாட்டிக்கு முகூர்த்த மேக்கப். பெருங்களத்தூர் ஆலையிலிருந்து எந்த ஹெரால்டும் அப்படி வெளியே வந்ததில்லை.

கடைசித் தேய்ப்புக்கு முன் கறுப்புப் பெயின்டைத் தூசி மாதிரி ஊதி, அது முழுக்கப் போகும்வரை தண்ணீர் விட்டுத் தேய்த்தார்கள். கறுப்பு மிஞ்சி நின்றால் அங்கே பள்ளம். அதற்குப் பிறகும் பாய் உள்ளங்கைக்கு அடியில் ஒரு மெல்லிய வேட்டித் துணியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். என் கண்ணுக்குத் தெரியாத மேட்டை அந்தக் கை கண்டுபிடித்துவிடும்.

தீபாவளிக்குள் வண்டி வேண்டும் என்று அடம்பிடித்தது நான். ஐப்பசி மழை. பாய் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. அடித்து முடித்த அரை மணியில் பானெட் முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெள்ளை பூத்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. நான் தலையில் கை வைத்தேன். பாய் ஒன்றும் சொல்லாமல் வண்டியை மூடிவிட்டுப் போனார். நான்கு நாள் கழித்து வெயில் வந்ததும், மெதுவாகக் காய்கிற தின்னரை மட்டும் பனி மாதிரி ஊதினார். பெயின்ட் இளகி, வெள்ளை என் கண்ணெதிரே மறைந்தது. டுக்கோ ஏன் என்று அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. தீபாவளி முடிந்திருந்தது.

பாலிஷ் வேலையில் எனக்கும் ஒரு பங்கு கேட்டு வாங்கிக்கொண்டேன். 1500, 2000 வாட்டர் பேப்பர், பிறகு ரப்பிங் காம்பவுண்ட். நுண்ணிய கீறல்கள்தான் வெளிச்சத்தைச் சிதறடித்து மங்கலாக்குகின்றன. அவற்றைத் தேய்த்து எடுத்தால் மினுக்கம் வந்துவிடும். எடுக்கும்போது பெயின்டும் சேர்ந்து போகிறது, துணியெல்லாம் நீலம். மொத்தப் பூச்சும் கிட்டத்தட்ட ஒரு தாளின் கனம்தான். விளிம்புகளில் அதிலும் குறைவு. இதைச் சொல்லித்தான் விட்டார். இருந்தும் பானெட் முனையில் நான் உற்சாகமாக ஒரு தேய்ப்புத் தேய்த்ததில் சாம்பல் பிரைமர் எட்டிப் பார்த்தது. பாய் சிரித்துக்கொண்டே சின்ன பிரஷ்ஷால் ஒரு தொடு தொட்டார். தெரிந்தவர் கண்ணுக்கு அது இன்றும் தெரியும்.

முன் இடது கதவின் பீடிங்குக்கு அடியில் விரல்கடை அகலப் பழைய நீலத்தை மட்டும் மேலே அடிக்காமல் விடச் சொன்னேன். ரப்பரைக் கழற்றினால் பார்க்கலாம்.

உங்கள் வீட்டு ஷெட்டில் பழைய அம்பாசிடரோ ஃபியட்டோ ஹெரால்டோ தூங்கிக்கொண்டிருந்தால், உப்புத்தாளைத் தொடும் முன் கதவு பீடிங்கைக் கழற்றிப் பாருங்கள். பகலில் பாருங்கள்.