போர்ட்டிக்சனில் பார்க்க வேண்டியவை

போர்ட்டிக்சன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தங்கும் விடுதி, வாழைப்படகுச் சவாரி, மாலை நேரத்துச் சுட்ட சோளம் ஆகியவைதாம். கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரம்தான். குடும்ப தினமா, இயக்கப் பயிற்சி முகாமா, தேர்வு முடிந்த கொண்டாட்டமா, எதுவாயினும் நம்மவர் முதலில் சொல்லும் பெயர் அதுவே. அவ்வூரை அடுத்த ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். "கடலைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று தோழியர் என்னைக் கேட்காத பருவமில்லை. அக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கடலிலிருந்தே தொடங்குவோம். தஞ்சோங் கெமோக்கிலிருந்து தஞ்சோங் துவான் வரை ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளம் கொண்டது இக்கடற்கரை. இதில் தெலுக் கெமாங் பகுதியில்தான் கூட்டம் அதிகம். வார நாளில், அதிலும் காலையில் சென்றால் கடற்கரை முழுவதும் நமக்கே சொந்தம் போல் இருக்கும். போவதற்கு முன் நீரேற்ற அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நீர் வடிந்த வேளையில் குளிக்கப் போனால் வெகுதூரம் நடந்த பின்னும் முழங்கால் நனையாது. இவ்வூருக்கு முன்பு ஆராங் என்று பெயர். ஆராங் என்றால் கரி. பின்னர் நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்கச் செயலாளராக இருந்த ஜான் பிரெடரிக் டிக்சனின் பெயரைச் சூட்டிவிட்டனர். 1891இல் சிரம்பானிலிருந்து இங்கு இரயில் பாதை போடப்பட்டது. சுங்கை ஊஜோங் ஈயம் இவ்வழியே கப்பலேறியது. பின்னாளில் ரப்பரும் அதைத் தொடர்ந்தது. இன்று அப்பாதையில் பயணிகள் இரயில் ஓடுவதில்லை.

அடுத்து தஞ்சோங் துவான். என் பார்வையில் போர்ட்டிக்சனின் தலைசிறந்த இடம் இதுதான். நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் இந்த முனை மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. போர்த்துகீசியர் இதனைக் காபோ ரச்சாடோ என்றனர். 1606இல் இக்கடலில்தான் டச்சுக் கப்பற்படையும் போர்த்துகீசியக் கப்பற்படையும் மோதின. குன்றின் மேல் நிற்கும் கலங்கரை விளக்கம் 1863இல் கட்டப்பட்டது. காட்டுக்குள் செல்லும் தார்ச்சாலையில் சற்று மூச்சு வாங்க நடந்தால் அதனை அடைந்துவிடலாம். மார்ச் மாதத்தில் செல்வோர்க்கு இன்னொரு பேறும் உண்டு. குளிர்காலத்தைச் சுமத்ராவில் கழித்த தேன் பருந்துகள் வடக்கே தங்கள் கூடுகளுக்குத் திரும்பும் காலம் அது. இப்பறவைகள் சிறகடித்து நெடுந்தூரம் பறப்பவை அல்ல. சுடுநிலத்தினின்று மேலெழும் வெப்பக் காற்றில் ஏறி மிதந்து செல்பவை. கடல்மேல் அக்காற்று இல்லை. ஆகவே, நீரிணை குறுகி ஏறக்குறைய 38 கிலோமீட்டராக இருக்கும் இவ்விடத்தையே கடப்பதற்குத் தேர்ந்தெடுக்கின்றன. களைத்து, தாழ்ந்து, மரவுச்சிகளை உரசுமாறு கரை சேர்ந்து, பின் காட்டுக்கு மேல் வட்டமிட்டு உயரும் காட்சி நண்பகலில்தான் சிறப்பாகக் கிட்டும். மலேசிய இயற்கைக் கழகம் இதற்கெனவே 2000ஆம் ஆண்டிலிருந்து பருந்து காணும் நிகழ்வை நடத்தி வந்துள்ளது. தொப்பியும் தண்ணீரும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

வரலாற்று மாணவர்க்கு லுக்குட் இருக்கிறது. ராஜா ஜுமாட் 1847இல் எழுப்பிய கோட்டையின் அகழியும் மதிலின் எச்சமும் இன்றும் காணலாம். அருகிலேயே அருங்காட்சியகமும் உண்டு. 1933இல் 25 பேருடன் மலாய்ப் படைப்பிரிவு தொடங்கப்பட்டது போர்ட்டிக்சனில்தான். இங்குள்ள இராணுவ அருங்காட்சியகத்தில் பழைய டாங்கிகளைப் பார்க்கலாம்.

இதுவரை நான் சொன்னவை யாவும் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கும். கையேட்டில் இல்லாத ஓரிடத்தைச் சொல்லத்தான் எழுதுகோலை எடுத்தேன். அது தோட்டம்.

கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் செம்பனையும் ஆங்காங்கே எஞ்சிய கித்தா மரங்களும் தொடங்கிவிடும். லுக்குட், சிலியாவ், ரந்தாவ், லிங்கி என எத்திசை சென்றாலும் ஒரு காலத்தில் லயங்களும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இல்லாத தோட்டமில்லை. நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர் என்று இலக்கிய வகுப்பில் படித்தோம். அவற்றுள் பாலை என்பது தனி நிலமன்று. வெயிலின் கொடுமையால் தன் இயல்பை இழந்த காடும் மலையுமே பாலையாகிறது என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அதற்குரிய ஒழுக்கம் பிரிவு. இதைப் படித்த அன்று என் மனக்கண்ணில் எங்கள் தோட்டம்தான் வந்தது. மழைக்கு அங்கே குறைவில்லை, பச்சைக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஆள் இல்லை. கதவில்லாத லயங்கள், கூரை சரிந்த ஆயாக் கொட்டகை, பெரட்டு நடந்த இடத்தில் இடுப்பளவு லாலான் புல். கடலுக்கு அருகிலேயே ஒரு பாலைவனம் வேண்டுமென்றால் செங்கடல் வரை போக வேண்டியதில்லை.

என் பாட்டி பிறந்தது அதே தோட்டத்தில்தான். அவருடைய தாயார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்ததற்கு முன்பு வந்த கடைசிக் கூட்டத்தில் அவரும் ஒருவர். பெண்ணை உடன்கொண்டு கடற்பயணம் மேற்கொள்ளும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் வரையறுத்திருக்கிறது. அந்த வரையறையைப் பற்றிக் கேள்விப்படாமலேயே அதை மீறி வந்தவர்களின் பேத்திகள் நாம்.

பாட்டியின் லயத்திலிருந்து கடல் ஒன்பது மைல். எனினும், தம் எண்பது வயதுக்குள் அவர் கடலுக்குச் சென்றது மூன்றே முறைதான். முதல் முறை, சிறுமியாக இருந்தபோது தோட்டத்து லோரியில், கட்டுச்சோற்றுடன். இரண்டாம் முறை, தாத்தாவின் அஸ்தியைக் கரைக்க. மூன்றாம் முறை, கடந்த ஆண்டு நான் அழைத்துச் சென்றது. காலை நனைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"ஏன் பாட்டி, இவ்வளவு கிட்ட இருந்தும் நீங்க வந்ததே இல்ல?" என்று கேட்டேன்.

"காலையில நாலரைக்கு எழுந்து மரம் வெட்டப் போனா, பால் நிறுத்துப் போட்டுட்டு வர மத்தியானம் ஆயிடும். அப்புறம் புல்லு வெட்டணும், மாட்டப் பாக்கணும். கடலு எங்கம்மா ஓடிப்போவுது? அங்கதான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

கடல் ஓடிப்போகவில்லைதான். தோட்டம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலம் வீடமைப்புத் திட்டத்திற்குக் கைமாறிவிட்டது. எஞ்சியுள்ள பதினொரு குடும்பங்களும் இவ்வாண்டு இறுதிக்குள் மலிவு விலை அடுக்குமாடிக்குச் செல்ல வேண்டும். பாட்டிக்கு நான்காவது மாடி கிடைத்திருக்கிறது. முருங்கை மரத்தை எங்கே நடுவது என்பதுதான் அவர் கேட்கும் ஒரே கேள்வி. எங்களில் எவரிடமும் அதற்கு விடையில்லை. இது எங்கள் தோட்டத்திற்கு மட்டும் வந்த கதையன்று. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வீதிக்கு வந்த காலத்தில், அதனைத் தடுக்கத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அன்று தொடங்கிய கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை.

தமிழ்ப்பள்ளியின் நிலையும் அதுவே. நாட்டில் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருப்பதாகப் பெருமை கொள்கிறோம். ஆனால் அவற்றுள் பல 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகள். நான் படித்த தோட்டப் பள்ளியில் என் வகுப்பில் மொத்தம் ஆறு பேர். பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, பள்ளி முடிந்த பிற்பகலில் எஸ்.பி.எம். தமிழ்மொழி படித்தேன். பேருந்தைத் தவறவிட்டால் வீடு சேர இரவாகிவிடும். அந்த ஆறு பேரில் பல்கலைக்கழகம் வந்தவள் நான் ஒருத்திதான். மற்ற ஐவரும் என்னைவிட அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஆகவே இங்கு நான் பெறும் கல்வி எனக்கு மட்டும் உரியதன்று என்றே எண்ணுகிறேன்.

அன்பு வாசகர்களே! தோட்டத்து வறுமையை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நான் கூற வரவில்லை. கொசுக்கடியிலும் அட்டைக்கடியிலும் மரம் வெட்டிய பாட்டியே அதை விரும்பமாட்டார். பேத்தி படித்து மாடி வீட்டில் வாழ வேண்டும் என்பதே அவர் ஆசை. ஆனால், ஓரிடத்தை விட்டுப் போவது வேறு. அப்படியோர் இடம் இருந்ததற்கே சான்றில்லாமல் போவது வேறு. பிரிவைப் பாடி வைத்ததால்தான் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் பாலைத் திணையைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, அடுத்த முறை போர்ட்டிக்சன் செல்வோர் அரை நாளைத் தோட்டத்திற்கு ஒதுக்குங்கள். கோயில் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரிடம் அவருடைய நிரை எங்கே இருந்தது, கங்காணி யார், கப்பலில் வந்தவர் எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஊரையும் ஆண்டையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தில் நான் இதைத் தொடங்கிவிட்டேன். இதுவரை 43 குடும்பங்களின் பெயர்களைப் பாட்டி நினைவிலிருந்து சொல்லியிருக்கிறார். மேல் லயத்தில் கோயிலை ஒட்டிய இரு வீடுகளில் யார் இருந்தார்கள் என்பது மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. ரந்தாவில் தம் மகன் வீட்டில் இருக்கும் ஒரு தாத்தாவுக்குத் தெரியும் என்கிறார். வரும் சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறோம்.