34 வயதில் முகப்பரு

முகப்பரு பதின்வயதுக்கு உரியது, வயது ஏறினாலோ திருமணம் முடிந்தாலோ தானாகவே போய்விடும் என்றொரு நம்பிக்கை நம்மவர் மத்தியில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தேர்தல், தொழிற்சங்கம், சம்பளப் போராட்டம், மண்சரிவு என்று முப்பது வருடங்களுக்கும் மேலாகப் பத்திரிகையில் எழுதி வந்த எனக்கு, இந்த நம்பிக்கையை ஆராய வேண்டிய தேவை ஒருபோதும் ஏற்பட்டதில்லை. அத்தேவையை ஏற்படுத்தியவள் என் தமக்கையின் மகள்.

பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, உயர்தரம் வரை படித்து, எல்லயில் உள்ள விருந்தினர் விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் பணிபுரிபவள் அவள். ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகெங்கிலுமிருந்து வருகின்ற உல்லாசப் பயணிகளால், எங்கள் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் சிலருக்குக் கொழுந்துக் கூடைக்கு அப்பாலும் ஒரு பிழைப்பு கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பிழைப்பில் முகமும் ஒரு முதலீடு.

அவளுடைய தாடை ஓரத்திலும் நாடியிலும் தொட்டால் வலிக்கும் பருக்கள் மாதந்தோறும் கிளம்பின. மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில் அவை மேலும் பெருகும். "கொஞ்ச நாளைக்கு உள்ளே இருந்து கணக்கைப் பாருங்கள்" என்று விடுதி நிர்வாகி நயமாகச் சொன்னாராம். விருந்தினர் கொடுக்கும் டிப்ஸும் அத்தோடு நின்றுபோயிற்று.

கடையொன்றில் கிடைத்த, உள்ளடக்கம் எதுவும் குறிப்பிடப்படாத வெள்ளையாக்கும் கிறீம் ஒன்றைப் பூசியிருக்கிறாள். இரண்டு வாரங்கள் முகம் பளிச்சென்று இருந்தது. நிறுத்தியதும் முன்னரிலும் மோசமாகப் பருக்கள் எழுந்தன. இத்தகைய கிறீம்கள் சிலவற்றில் ஸ்டெரொய்ட் கலந்திருப்பதும், அது தொடக்கத்தில் வீக்கத்தை அடக்கிப் பின்னர் தானே பருக்களை உண்டாக்குவதும் தோல் மருத்துவர்கள் நன்கறிந்தவை.

அடுத்ததாக அவளுடைய கைபேசியில் வந்து சேர்ந்தது ஒளி முகமூடி விளம்பரம். வீட்டிலிருந்தபடியே தினமும் சில நிமிடங்கள் அணிந்தால் போதும் என்றது. விலை அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியது. கனடாவிலுள்ள உறவினர் ஒருவர் வாங்கி அனுப்புவதாகவும் வாக்களித்திருந்தார். "மாமா, நீங்க பேப்பர்காரர்தானே. இது சரிவருமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

பார்த்தேன். ஒளியால் தோல் நோயைக் குணமாக்குவது ஏமாற்று வித்தை அன்று. தோலைப் பீடிக்கும் ஒருவகைக் காசநோய்க்கு ஒளிச் சிகிச்சை அளித்தமைக்காக, கோப்பன்ஹேகனில் பணியாற்றிய மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. பருக்களில் வாழும் பக்டீரியா போர்ஃபிரின் என்னும் பொருளை உற்பத்தி செய்கிறது. 415 நானோமீற்றர் அளவிலான நீல ஒளி பட்டதும் அப்பொருள் கிளர்ச்சியுற்று, அந்தப் பக்டீரியாவையே கொல்கிறது. சிவப்பு ஒளி வீக்கத்தைத் தணிப்பதாகக் கருதப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தி 2000ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்று நல்ல பலனைக் காட்டியது. ஆயினும் இத்தகைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பரிசீலித்த 2016ஆம் ஆண்டின் கொக்ரேன் அறிக்கை, தரமான சான்றுகள் போதவில்லை என்றே முடிவு கூறியது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விடயம் வேறொன்றும் உண்டு. 2014இல் பிரான்சிய ஆய்வாளர்கள் 415 நானோமீற்றர் ஒளியை மாநிறத் தோலில் பாய்ச்சிப் பார்த்தபோது, தோல் கருமையடைந்து, அக்கருமை வாரக்கணக்கில் நீடித்தது. சிவப்பு ஒளியால் அவ்வாறு நேரவில்லை. பருவைவிட அது விட்டுச்செல்லும் கரும்புள்ளிக்கே அதிகம் வருந்துகின்ற நம் போன்றோருக்கு இது சிறிய செய்தி அல்ல. கண்ணுக்கும் அவதானம் தேவை. சில கண்நோய் உள்ளோருக்கும், ஒளி உணர்திறனைக் கூட்டும் மருந்து உட்கொள்வோருக்கும் பாதிப்பு நேரலாம் என்ற காரணத்தால், நியூட்ரோஜீனா ஒளி முகமூடி 2019இல் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. பருவுக்கு வழமையாகக் கொடுக்கப்படும் டொக்சிசைக்கிளினும் ஒளி உணர்திறனைக் கூட்டும் மருந்துகளில் ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளி முக்கியமாகப் பக்டீரியாவையும் வீக்கத்தையுமே தொடும். அவளுடைய பருக்களின் மூலமோ ஹோர்மோன். அண்ட்ரோஜன் தூண்டுவதால் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகையாகச் சுரக்கின்றன. இரத்தப் பரிசோதனையில் ஹோர்மோன் அளவு சரியாக இருப்பவர்களுக்கும் இது நேரலாம். அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வொன்றில், முப்பதுகளில் இருந்த பெண்களில் நூற்றுக்கு 35 பேரும், நாற்பதுகளில் இருந்தவர்களில் 26 பேரும் தமக்குப் பரு இருப்பதாகக் கூறினர். அவள் தனியாள் அல்லள்.

இவற்றைச் சொல்லி அவளைப் பதுளை வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, முகத்தில் ரோமம் வளர்கிறதா, பிள்ளை பெறும் உத்தேசம் உண்டா என்று டொக்டர் கேட்டாராம். கருப்பையை விட்டுச் சூலகத்தின் நீர்க்கட்டிப் பிரச்சினையையும் நினைவில் வைத்தே அக்கேள்விகள். இரவில் பூச அடப்பலீன், காலையில் பென்சோயில் பெரொக்சைட், விழுங்குவதற்கு ஸ்பைரோனோலக்டோன். கடைசி மருந்து இரத்த அழுத்தத்துக்கென வந்தது; அண்ட்ரோஜனைத் தடுப்பதால் பருவுக்கும் உதவுகிறது. கருவுற்றிருக்கும்போதோ கருவுற முயலும்போதோ அதை எடுக்கக் கூடாது. 410 பெண்களிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், 12 வாரங்களில் சிறிதாகத் தெரிந்த பலன் 24 வாரங்களில் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே பொறுமை தேவை.

இது அவளுக்கு ஐந்தாவது மாதம். புதிய பருக்கள் அருகிவிட்டன. பழைய தழும்புகள் இன்னும் இருக்கின்றன. வரவேற்பு மேசைக்கு அவள் திரும்பிவிட்டாள்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். எனினும் கிளினிக் நாளன்று அதிகாலையில் பஸ் ஏறி, வரிசையில் காத்திருந்து, ஒரு நாள் சம்பளத்தையும் இழக்க வேண்டியிருக்கிறது. தோட்டத்துப் பெண்கள் பலர் கிறீம் கடையை நாடுவதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. கடை பக்கத்தில் இருக்கிறது, அங்கே யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

புலம்பெயர்ந்து வாழும் வாசக அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள உங்கள் மருமகளுக்கோ தங்கைக்கோ ஒளி முகமூடியைப் பொதி செய்து அனுப்பும் முன்னர், அவள் ஒரு மருத்துவரைப் பார்த்துவிட்டாளா என்று கேளுங்கள். பார்க்கவில்லையெனில், முகமூடியின் விலையில் சிறு பங்கைக் கிளினிக் நாளின் பஸ் கட்டணத்துக்கும் இழந்த சம்பளத்துக்குமாக அனுப்பி வையுங்கள். முகமூடி தேவைதானா என்பதை அந்த மருத்துவர் சொல்லட்டும்.