பூச்சுக்குள் பூச்சு

நவம்பர் 10

ஐந்து பங்காளிகளும் கையெழுத்துப் போட்டு, இன்றுதான் சாவி வந்தது. டாலிகஞ்ச் டிராம் டிப்போவிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். தொண்ணூறு வயது தாண்டிய வீடு. பச்சைச் சாயம் வெளுத்த பட்டைப்பலகை ஜன்னல்கள், கறுப்புக் கரை கட்டிய சிவப்புத் தரை, வாசலில் ரோக். ரோக் என்றால் நம் திண்ணைதான், மேலே கூரை மட்டும் இருக்காது.

மாநகராட்சியின் பாரம்பரியப் பட்டியலில் இது இல்லை. பட்டியலில் இல்லாத வீட்டைத் தேடிக் கொல்கத்தாவில் வழக்கமாக வருகிறவர் 'புரமோட்டர்'. அவர் வந்தால் வீடு போய் அடுக்ககம் எழும்பும். இங்கே அதிசயமாகக் குத்தகைக்கு எடுத்திருப்பவர்கள் இரண்டு இளைஞர்கள். மேசை மேசையாக மாத வாடகைக்கு விடும் கூட்டுப் பணியிடம் ஆக்கப்போகிறார்கள். நாற்பது மேசை, இரண்டு கூட்ட அறை, ஒரு காபி மூலை. மார்ச்சுக்குள் முடித்துத் தர வேண்டியது என் பொறுப்பு.

கீழ்த்தளத்தில் ஓர் அறையை மட்டும் மூத்த பங்காளி அம்மா தனக்கென்று வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் மாசிமா, அதாவது சித்தி; எனக்கும். நான் காரைக்குடிக்காரன் என்றதும், "லேக் மார்க்கெட் ஆளா?" என்றார். இந்த நகரத்தில் தமிழன் என்றால் அங்கேதான் இருக்க வேண்டும். உண்மையும் அதுதான்.

நவம்பர் 18

கீழ்த்தளம் முழுக்க இடுப்பளவுக்கு ஓதம். உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்கிறது. "பழைய சுவர், வேறென்ன செய்யும்?" என்றார் குத்தகைக்காரர்களில் இளையவர்.

தட்டிப் பார்க்கச் சொன்னேன். மேலே அக்ரிலிக் பெயின்ட், அதற்குள் பட்டி, அதற்குள் ஒரு விரற்கடை சிமென்ட் பூச்சு. அதையும் பெயர்த்தால் உள்ளே சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் கலந்த ஆதிக்காரை, சில இடங்களில் இன்னும் உளிக்கே மசியாமல் இருக்கிறது. சிமென்ட் எப்போது பூசியது என்று மாசிமாவிடம் கேட்டேன். "மெட்ரோ தோண்டினார்களே, அப்போது." டாலிகஞ்சுக்கு மெட்ரோ வந்தது 1986-இல்.

செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை அதை வெளியே விட்டுவிடும், சுவர் காய்ந்துகொள்ளும். சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வாசல் அடைபடுகிறது. அது மேலே ஏறுகிறது, உப்பையும் கூட்டிக்கொண்டு. ஐம்பது வருடம் சும்மா இருந்த சுவரை நாற்பது வருடமாக அழவைத்திருக்கிறது ஒரு பழுதுபார்ப்பு. இந்த வேலையில் பாதி, முன்னால் வந்தவர் செய்த வேலையைக் கழற்றுவதுதான்.

நவம்பர் 23, ஞாயிறு

வாய்க்கால் பக்கம் நடந்தேன். கறுப்புத் தண்ணீர், நாற்றம். இது ஆதிகங்கை; கங்கையின் பழைய தடம். தூர்ந்து கிடந்ததை 1770-களில் மேஜர் வில்லியம் டாலி சொந்தச் செலவில் தோண்டி, படகுகளுக்குச் சுங்கம் வைத்தார். ரஸாபக்லா என்றிருந்த இடம் அவர் பெயரில் டாலிகஞ்ச் ஆயிற்று. ஊரே ஒரு பழுதுபார்ப்பின் பெயரைத்தான் சுமக்கிறது. 2009-இல் கரியா பக்கம் நீண்ட மெட்ரோ, அந்த வாய்க்காலுக்குள்ளேயே தூண் இறக்கிப் போயிற்று. அடுத்து வருபவர் எதைக் கழற்றுவாரோ.

டாலி வாங்கி வைத்திருந்த பெல்வெடேர் மாளிகை அலிப்பூரில் இருக்கிறது. வங்காள லெப்டினன்ட் கவர்னர்கள் குடியிருந்து, பிறகு தேசிய நூலகமானது. 2010-இல் தொல்லியல் துறை அதைச் சீரமைக்கும்போது, கதவோ ஜன்னலோ இல்லாத ஒரு பெரிய அறை தட்டுப்பட்டது. புதையல் என்றார்கள், சித்திரவதைக் கூடம் என்றார்கள். கடைசியில் உள்ளே இருந்தது மண். கட்டடம் தாங்குவதற்காக என்றோ அடைத்து வைத்த மண்.

திரும்பும் வழியில் டாலிகஞ்ச் கிளப். பதினெட்டாம் நூற்றாண்டில் ரிச்சர்ட் ஜான்சன் கட்டிய பங்களா அது. 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின் திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்களே, அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1895-இல் கிளப் ஆயிற்று. வேலூர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கதையின் மிச்சத்தை இங்கே பார்க்கலாம். வெள்ளைக்காரன் வீடு, இளவரசர்களின் சொத்து, கோல்ஃப் மைதானம்: எத்தனை கை மாறியும் நிற்கிறது. நாற்பது மேசைக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?

டிசம்பர் 9

ஃபால்ஸ் சீலிங் சண்டை. உத்தரத்தை மறைக்க வேண்டுமாம், ஏசிக் குழாயையும் அதற்குள்ளே விட வேண்டுமாம். பதினான்கு அடி உயரத்தை ஒன்பதாக்கிவிட்டு, சூட்டைத் தணிக்க இன்னும் இரண்டு ஏசி வாங்குவார்கள். வாதாடி அலுத்து, ஏணி போட்டு ஓர் இரும்பு உத்தரத்தின் துருவைச் சுரண்டினேன். புடைப்பெழுத்தில் டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து. இளையவர் உடனே செல்போனை எடுத்தார். இரவுக்குள் இன்ஸ்டாகிராமில் நூற்றுக்கணக்கில் இதயக்குறி. ஃபால்ஸ் சீலிங் கைவிடப்பட்டது.

டிசம்பர் 20

ஒயரிங்குக்குச் சுவரைக் கொத்த விடவில்லை. எல்லாம் வெளியே தெரியும் இரும்புக் குழாய்தான்.

பின்பக்க இரும்புப் படிக்கட்டை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். "நாலு மேசை போகுமே" என்றார்கள். பார்க் தெருவின் ஸ்டீபன் கோர்ட்டைச் சொன்னேன். பழைய கட்டடம், நிறைய அலுவலகங்கள், உச்சியில் பிற்பாடு ஏற்றிய மாடிகள். 2010 மார்ச் 23-இல் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது இவர்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இருவரில் மூத்தவர் வரைபடத்தில் நாலு மேசையை அவரே அடித்தார்.

ஜனவரி 12

மொட்டை மாடியில் ஜல்ச்சாத் என்கிற சுண்ணாம்புத் தளம் ஆரம்பம். சுண்ணாம்பு, சுர்க்கி, செங்கல் ஜல்லி; அதோடு சிட்டே குட் என்கிற பாகு வெல்லமும் வெந்தயம் ஊறிய தண்ணீரும். நம் ஊர் மெட்ராஸ் டெரஸுக்கு ஒன்றுவிட்ட தங்கை. பரப்பிவிட்டுக் கட்டையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நாள் கணக்கில். கட்டை எகிறித் திரும்பும்வரை.

மேஸ்திரி முர்ஷிதாபாத்காரர், அறுபதைத் தாண்டியவர். அவருக்கு நான் இஞ்ஜினியர் பாபு, எனக்கு அவர் தாதா, வங்காளத்தில் அண்ணன். காரைக்குடியில் என்ன போடுவீர்கள் என்று கேட்டார். என் அப்பா கொத்தனார். கடுக்காய்த் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு என்றேன்.

"முட்டையா? சுவருக்கு ஆம்லெட்டா?" கரணையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு, "எத்தனை முட்டை?" என்று கணக்குக் கேட்டார். அப்பாவிடம் நான் கேட்டு வைக்காத கணக்கு.

அடிக்க எட்டுப் பெண்கள் வந்தார்கள். இதற்கென்றே பாட்டு உண்டு. பாட்டு இல்லாவிட்டால் எட்டுக் கட்டையும் ஒன்றாக விழாது. பாட்டு தெரிந்தவர் ஒரே ஒரு கிழவி. மற்றவர்கள் பின்பாட்டு. மாசிமா இரண்டு மாடி ஏறி வந்து, நாற்காலி போடச் சொல்லி, மாலைவரை உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 17

கூடத்தில் எதிரொலி. ஒருவர் தும்மினால் முப்பத்தாறு பேருக்கும் தும்மல். தரை கல், சுவர் கல், துணி என்று ஒன்றுமில்லை. சணல் துணி சுற்றிய பஞ்சுப் பலகைகளை உத்தரங்களுக்கு நடுவே தொங்கவிட்டோம். வீடாக இருந்தபோது மெத்தையும் புடவையும் செய்த வேலை.

மார்ச் கெடு தப்பாதே என்று கேட்டார்கள். ரைட்டர்ஸ் பில்டிங்கைச் சீரமைக்க 2013-இல் அங்கிருந்த தலைமைச் செயலகம் தற்காலிகமாக ஹௌராவுக்குப் போனது, வருடக்கணக்கில் திரும்பவில்லை என்று சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை.

மார்ச் 30

திறந்தாயிற்று. முப்பத்தாறு மேசை. முதல் நாளே கூட்ட அறைகள் காலி. எல்லோரும் ரோக்கில் உட்கார்ந்து மண் குவளையில் டீ.

ஏப்ரல் 19

நேற்று மாலை காலபைசாகி, இந்த வருடத்தின் முதல் கோடைப்புயல். ஒரு மணி நேரம் அடித்தது. ராத்திரி தூங்கவில்லை, விடிந்ததும் ஓடினேன். கீழ்ச்சுவர்கள் காய்ந்தே இருந்தன. ஜல்ச்சாத் ஒரு சொட்டு விடவில்லை.

வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு மேசை நனைந்திருந்தது. தாதா மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து, பேசாமல் விரலால் காட்டினார். ஏசிக் குழாயை மாடிக்கு ஏற்றப் போன மாதம் போட்ட துளை. அதைச் சுற்றி அடைத்திருந்தது சிமென்ட். அவசரத்தில் அடைக்கச் சொன்னது நான்.